சிலந்தியின் கண்ணும் விருச்சிகத்தின் வாலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் பென் டிரைவும் வந்து சேர்ந்தன. அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் விடுதிக்குப் போய்விட்டதால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

படங்களுக்கு வருகிறேன். தாவும் சிலந்தி, இரவு வானம் இரண்டையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், லென்ஸில் ஒரு குறையும் இல்லை. படம் எதனால் மங்குகிறது என்பதைப் படத்திலேயே படித்துவிடலாம். அதைப் படிக்காமல் செலவு செய்தால் புது லென்ஸிலும் அதே மங்கல்தான் வரும்.

முதலில் தாவும் சிலந்தி. முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களில் இடது கண் கச்சிதம், வலது கண் கரைந்திருக்கிறது. நெற்றி மயிர்களைப் பார்: ஒவ்வொன்றும் கூர்மையாக ஒரு கோடு, அதன் பக்கத்திலேயே சாம்பல் நிழல்போல இன்னொரு கோடு. இவை இரண்டும் வெவ்வேறு நோய்.

கண் கரைந்ததற்குக் காரணம் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாக விழும் தூரம், போதாதது. டெலி ஸூமை 200 மி.மீ.யில் வைத்து முன்னால் ராய்னாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கி லென்ஸை மாட்டியிருக்கிறாய். அது 8 டயாப்டர், அதாவது 125 மி.மீ. குவியத் தூரம். ஸூமை முடிவிலியில் ஃபோகஸ் வைத்தால் உருப்பெருக்கம் 200-ஐ 125-ஆல் வகுத்தது: 1.6 மடங்கு. அபெர்ச்சர் (லென்ஸின் துளை; எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 8-இல் உன் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்குக் கிடைக்கும் கூர்மையான ஆழம் சுமார் 0.12 மி.மீ. சிலந்தி தலையைக் கொஞ்சம் சாய்த்தாலும் இரண்டாவது கண் அந்த ஆழத்தைத் தாண்டிவிடும். ஸூமை 125-க்கு இறக்கு, அபெர்ச்சரை எஃப் 11 ஆக்கு. உருப்பெருக்கம் 1 மடங்கு, ஆழம் 0.44 மி.மீ.; மூன்றரை மடங்கு கூடுகிறது. சிலந்தி சின்னதாகத்தான் தெரியும், ஆனால் 7 மி.மீ. சிலந்திக்கு 24 மெகாபிக்சலில் 1,800 பிக்சல் அகலம் மிஞ்சும். வெட்டி எடுத்துக்கொள். முழுச் சட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற ஆசைதான் மேக்ரோவில், அதாவது சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கும் படத்தில், அதிகப் படங்களைக் கெடுக்கிறது.

எஃப் 22 வரை மூடினால் இன்னும் ஆழம் வருமே என்று கேட்பாய். வரும், ஆனால் சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். இன்னொன்றையும் கவனி: தனி மேக்ரோ லென்ஸ் 1 மடங்கில் இருக்கும்போது எஃப் 11 என்று வைத்தால் சென்சாரைப் பொறுத்தவரை அது எஃப் 22-க்குச் சமம். ராய்னாக்ஸில் அப்படி இல்லை. ஸூம் முடிவிலியில் நிற்பதால் எஃப் 11 எஃப் 11-ஆகவே வேலை செய்யும், வெளிச்சமும் குறையாது. அதனால் மேக்ரோ லென்ஸ்காரர்கள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

இரட்டைக் கோடு வேறு கதை. கூர்மையான கோட்டை வரைந்தது ஃபிளாஷ். சாம்பல் நிழல் சுற்றுப்புற வெளிச்சம் வரைந்தது. 1/60 விநாடி ஷட்டர் திறந்திருந்தபோது உன் கை அசைந்திருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும் மேக்ரோவில் அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். 1/32 சக்தியில், கேமரா மேல் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட் ஃபிளாஷ் விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே மின்னும். ஆக, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/16 அல்லது 1/32. பிறகு ஒரு சோதனை: எதையும் மாற்றாமல் ஃபிளாஷை மட்டும் அணைத்து ஒரு படம் எடு. கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். சிலந்தி தெரிந்தால் வெளி வெளிச்சம் உள்ளே வருகிறது. ஐஎஸ்ஓவைக் குறை, இல்லையென்றால் உன் நிழலைச் சிலந்தி மேல் விழவிடு. வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்கவைக்கும் ஹை-ஸ்பீட் சிங்க் பக்கமே போகாதே. அதில் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்து, ஷட்டர் நகரும் நேரம் முழுக்க எரிகிறது. அசைவை உறையவைக்கும் குணம் போய்விடும்.

பின்னணி இருட்டாகிவிடுகிறது என்றால் சிலந்திக்குப் பின்னால் நாலு விரற்கடைத் தூரத்தில் ஒரு பச்சை இலையைப் பிடி. ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசருக்கு பட்டர் பேப்பர் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் பார்சலில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஒரு அடுக்கு போதும். அது லென்ஸ் முனை வரைக்கும் நீண்டு, பூச்சிக்குக் கூரை மாதிரி நிற்க வேண்டும். உன் படத்தில் சிலந்திக் கண்ணுக்குள் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுட்டெரிக்கிறது. டிஃப்யூசர் பக்கத்தில் வந்துவிட்டால் அதே இடத்தில் ஓரம் மென்மையான அகன்ற வெளிச்சம் விழும், கண்ணின் வளைவும் தெரியும்.

கைப்பிடிதான் முக்கியம். ஆட்டோஃபோகஸை அணை. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலைக்காம்பைப் பிடித்து, லென்ஸ் முனையை அதே கையின் மணிக்கட்டுப் பக்கம் சாய்த்துக்கொள். இப்போது இலையும் லென்ஸும் சேர்ந்துதான் ஆடும், ஒன்றுக்கொன்று ஆடாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடாதே. உடம்பை இம்மியளவு முன்னால் சாய்த்துக் கண் தெளியும் நொடியில் அழுத்து. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. 1/32 சக்தியில் ஃபிளாஷ் சீக்கிரம் சார்ஜ் ஆவதால் நாலைந்து படம் தொடர்ந்து எடுக்கலாம். ஒன்றில் இரண்டு கண்ணும் விழும்.

இனி வானம். நட்சத்திரம் கெட்டிருந்தால் அதன் உருவமே காரணம் சொல்லும். எல்லாம் ஒரே பக்கம் சீராக நீண்டிருந்தால் பூமியின் சுழற்சி. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கொக்கியோ நெளிவோ இருந்தால் டிரைபாட் ஆடியிருக்கிறது. நடுவில் புள்ளியாகவும் மூலைகளில் சிறகு விரித்தும் இருந்தால் லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கிறது. எங்கும் உருண்டையாக, பருமனாக, விளிம்பில் நிறத்தோடு இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. உன் படத்தில் முதலாவதும் மூன்றாவதும் உண்டு. விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தின் வாலைப் பார், ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மாதிரி நீண்டிருக்கிறது.

500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் நீளாத விநாடி கிடைக்கும் என்ற 500 விதியை நம்பி 16 மி.மீ. லென்ஸில் 25 விநாடி வைத்திருக்கிறாய். உன் சிறிய சென்சாருக்காகக் குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்கினால் அந்த விதியே 21 விநாடிதான் தரும். அதுவும் ஃபிலிம் காலத்துத் தாராளம். கணக்கு இது: வான நடுக்கோட்டில் நட்சத்திரம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) நகரும். உன் கேமராவின் பிக்சல் 3.9 மைக்ரான், 16 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் சுமார் 50 ஆர்க்செகண்ட். 25 விநாடிக்கு ஏழரை பிக்சல் நீளம். விருச்சிகம் தெற்கே தள்ளியிருப்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. 10 விநாடி வைத்தால் மூன்று பிக்சல், கண்ணுக்குப் புள்ளி. அபெர்ச்சரை எஃப் 1.4-இலிருந்து எஃப் 2-க்கு மூடு, மூலைச் சிறகுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐஎஸ்ஓ 3200.

படம் இருட்டாக, மணல்மணலாக இருக்கும். அதற்காகத்தான் அசையாமல் 16 படம் தொடர்ந்து எடுக்கச் சொல்கிறேன். சீக்வேட்டர் இலவச மென்பொருள், தரையை நிறுத்திவைத்து வானத்தை மட்டும் அடுக்கிச் சேர்க்கும். 16 படத்துக்கு இரைச்சல், அதாவது அந்த மணல், கால் பங்காகும். இரைச்சலைக் கழிக்கக் கேமரா தானாகவே இன்னொரு படம் எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடு, இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதே அளவு நேரம் வீணாகும். டிரைபாடில், கை அசைவை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசரும் அணைந்திருக்க வேண்டும். கையில் பிடிக்கும்போது மட்டும் அது நண்பன்.

ஃபோகஸுக்கு முடிவிலிக் குறியை நம்பாதே. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பு. சிறுத்துக்கொண்டே வந்து மறுபடி பருக்கும். திரும்பி வந்து மிகச் சிறியதில் நிறுத்து. உன் லென்ஸ் மின்சார ஃபோகஸ் என்பதால் வளையம் நகராமல் டேப் ஒட்டிப் பயனில்லை. கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் மாறியிருக்கும், பேட்டரி மாற்றினால் மறுபடி பார்.

மார்ச் அமாவாசைக்கு ஜவ்வாது மலை போகலாம் என்ற உன் யோசனை நல்லது. மார்ச் நடுவில் பால்வீதியின் மையம் இரவு ஒரு மணி வாக்கில் தென்கிழக்கில் எழும், ஐந்து மணிக்கு 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். லண்டன்காரர்களுக்கு அது எப்போதும் 10 டிகிரியைத் தாண்டாது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஜூனில் அது நள்ளிரவில் உச்சிக்கு வரும், ஆனால் மேகம் விடாது. ஐந்தேகாலுக்கு மேல் வானம் வெளுக்கத் தொடங்கும். பனியில் விறைத்த தும்பிகளும் சிலந்திகளும் வெயில் ஏறும்வரை அசையாது, உடனே மேக்ரோவுக்கு மாறிவிடலாம்.

அதே பனி லென்ஸிலும் இறங்கும். நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வந்து படத்துக்குப் படம் மங்கினால் அதுதான். துணியால் துடைத்தால் ஈரம் பரவும், திரும்பவும் படியும். யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்றை முன்கூட்டியே லென்ஸ் முனையில் சுற்றி பவர் பேங்கில் மாட்டிவிடு. என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

ஒரு விஷயம். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அந்த மலையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் டார்ச்சை வானத்தை நோக்கி அடிக்காதே, ஹெட்லைட்டை எரியவிட்டு வண்டியை நிறுத்தாதே. தலையில் கட்டும் சிவப்பு விளக்கு போதும். ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரி எட்டு எடுத்துக்கொள், எந்த வெள்ளிக்கிழமை தோது என்று எழுது.

அன்புடன்,
பாஸ்கரன்