மரத்தை வெட்டினால் நிபா போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தில் வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே எங்கள் தெருக்காரர்களின் கண், தெரு மூலையில் நிற்கும் பழைய புளியமரத்தின் மேல் போய்விடுகிறது, அதில் வௌவால்கள் தொங்குகின்றன. வெட்டிவிடலாம் என்கிறார்கள். சரி, வெட்டினால் அவை எங்கே போகும்? அடுத்த தெருவுக்குத்தானே!

1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது கொசுதான் காரணம் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள், கொசு பாவம், அது நிபா. பண்ணையை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்று, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் பின்னால் சொன்ன கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். ஆனால் 2018இல் கோழிக்கோடு பக்கம் 17 பேர் இறந்தபோது பெரும்பாலானவர்களுக்குத் தொற்றியது மருத்துவமனைகளில், நோயாளிக்குப் பக்கத்தில் இருந்ததால். நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அப்படித்தான் இறந்துபோனார்.

போன வாரம் என் பேரன் கொல்லையில் கிடந்த கொய்யாவைச் சட்டையில் துடைத்து வாயில் வைக்கப் போனான், திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் பல் பதிந்திருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தேன். இதற்குக் கோடாரி எதற்கு?

நீங்களும் வௌவால் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பயமுறுத்துவதற்குப் பதிலாக, கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள் என்று நாலு வரி போடலாமே.

ஒரு வாசகர், பொள்ளாச்சி