பணம் ஏன் குறைந்து வந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் குறைந்து வந்ததே, யார் எடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் சொன்னால் இழுத்துக்கொண்டே போகும், அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊர் வங்கியில் உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது ஸ்விஃப்ட் கோடு, அதாவது நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது எந்த வங்கி என்று காட்டும் குறியீடு. அன்று நீங்கள் ஃபோனில் சொல்லச் சொல்ல ஒரு ரசீதின் பின்பக்கம் கிறுக்கி வைத்தேனே, அதை நீட்டினேன். தட்டிப் பார்த்தார், ஏறவில்லை. மறுபடியும் ஏறவில்லை. எனக்குப் பின்னால் வரிசை வேறு. அப்புறம் பேனா முனையால் அந்தக் கிறுக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார்: முதல் 4 எழுத்து வங்கி, அடுத்த 2 நாடு, பிறகு 2 இடம், கடைசி 3 கிளை. கிளை இல்லாமல் 8 மட்டும் இருந்தாலும் போதுமாம். ஓரிடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது. நீங்கள் 'ஓ' என்று சொன்ன ஆங்கில எழுத்தை நான் பூஜ்யமாக எழுதியிருக்கிறேன்! அதனால்தான் ஏறவில்லை.

சரி, குறைந்த பணத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்ட் பணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. 1973-இல் பெல்ஜியத்தில் பல நாட்டு வங்கிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. இவருக்கு இவ்வளவு கொடு என்ற செய்தியைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. என் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லை. இரண்டுக்கும் பழக்கமான மூன்றாவது வங்கி ஒன்று நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தது. கூலியை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொண்டது. யாரும் திருடவில்லை. ஆனால் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

படிவத்தில் செலவு யாருடையது என்று மூன்று கட்டங்கள்: அவர் (OUR), ஷா (SHA), பென் (BEN). 'அவர்' என்றதும் யாரோ ஒரு அவர் கட்டுவார் என்று நினைக்காதீர்கள், ஆங்கிலத்தில் 'எங்களுடையது', அதாவது முழுச் செலவும் அனுப்புகிற என் தலையில். 'பென்' என்றால் எல்லாம் உங்கள் தலையில். 'ஷா' என்றால் பங்கிடுவது: என் வங்கியின் கட்டணம் எனக்கு, மற்ற வங்கிகளுடையது உங்களுக்கு. நான் அதில்தான் டிக் அடித்துவிட்டேன். அடுத்த முறை 'அவர்'தான்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் வங்கியிலேயே கேட்டு, ஸ்விஃப்ட் குறியீட்டை அச்சில் வாங்கி, ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். நம் நாட்டுக்குள் பணம் போட உதவும் கிளை எண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேறு. வாயால் மட்டும் சொல்ல வேண்டாம் அப்பா.

அன்புடன்,
உங்கள் மகன்