செவலையும் வாடகை வீட்டுக் கார்ப்பெட்டும்

லீட்ஸ்,
கார்த்திகை, ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அப்பாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் நீ போனில் கேட்டபோது நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஒரு முயலுக்கா இவ்வளவு செலவு? நாலு அடி போட்டால் அடங்காதா?" என்றாய். அது மனசிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இந்த வீட்டில் தரை முழுக்க, மாடிப்படி வரைக்கும், கார்ப்பெட்தான். குடியாத்தம் வீட்டு சிமெண்ட் தரை மாதிரி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட முடியாது. ஐந்து வாரத்து வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறோம். எங்களைப் போன்றவர்களிடம் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் காலி பண்ணும்போது ஏதாவது பழுதாகியிருந்தால் அந்தப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் முயல் செவலை வந்த இரண்டாவது வாரமே பெட்ரூம் கதவடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்த்துப் பலகை தெரியவைத்துவிட்டது. சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே புகுந்து படுத்துக்கொண்டது. அப்புறம் என் போன் சார்ஜர். பிளேடால் அறுத்த மாதிரி, ஒரே கடியில் இரண்டு துண்டு. சுவிட்ச் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நானும் அடித்தேன் அம்மா. பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பின்னங்காலைத் தரையில் ஓங்கி ஒரு உதை உதைத்துவிட்டுக் கட்டிலடியில் போனது, அன்று முழுக்க வெளியே வரவில்லை. வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. முயல் அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோய் உயிருக்கு ஆபத்து வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். உன் பேத்தி வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊசி போட்டு, அது தின்ன ஆரம்பித்த பிறகு அந்த டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கினார். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். மேல்வரிசை முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். நாள் முழுக்க எதையாவது அரைத்துத் தேய்க்காவிட்டால் பல் கோணலாகி வாயைக் குத்தும். கார்ப்பெட் நூலை விழுங்கினால் அதுவும் ஆபத்து, ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் அடைத்துக்கொள்ளும்.

தோண்டுவதைப் பற்றி நீ ஒன்று சொன்னாய், "நம்ம மலைக்காட்டு முயல் எங்கேயும் வளை தோண்டாதே" என்று. நீ சொன்னது சரிதான். நம் ஊர்க் காட்டுமுயல் புதரடியில் லேசாகப் பள்ளம் பண்ணிப் படுக்கிற ஜாதி. குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டில் வளர்க்கிற முயலெல்லாம் ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த வேறு இனத்தின் வழி. அதன் குட்டி ரோமமில்லாமல் கண் மூடிப் பிறக்கும், வளை இல்லாவிட்டால் பிழைக்காது. செவலை கதவடியில் சுரண்டுவது அந்த ரத்தத்தில் வந்த பழக்கம்.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் தறிதான் ஞாபகம் வந்தது. அந்தக் கறுப்பு ஆட்டுக்குட்டி பாவு நூலைக் கடிக்க வரும், நினைவிருக்கிறதா? ஒருநாளும் அப்பா அதன்மேல் கை வைத்ததில்லை. தறிக்குழிக்கு எட்டாத தூரத்தில், முன்னங்காலைத் தூக்கி எட்டுகிற உயரத்தில், அகத்திக் கட்டைத் தொங்கவிடுவார். குட்டி அங்கேயே நிற்கும். அப்பா செய்ததைத்தான் நானும் செய்தேன்.

பிய்த்த இடத்தில் ஒரு டைல்ஸ் போட்டு, அதன்மேலேயே பெரிய அட்டைப்பெட்டியை வைத்தேன். உள்ளே கிழித்த காகிதமும் காய்ந்த புல்லும். வேறு மூலையில் வைத்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தோண்டிய இடத்திலேயே வைத்ததும் அரைமணி நேரம் இரண்டு முன்னங்காலாலும் அள்ளி அள்ளிப் பின்னால் வீசிக்கொண்டிருந்தது. வயரையெல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம். சோபாவின் அடியைப் பலகையால் அடைத்தார் உன் மாப்பிள்ளை. புல் எப்போதும் அதன் உடம்பளவுக்குக் குவிந்து கிடக்க வேண்டும். காய்ந்த மல்லாக்கொட்டைக் கொடி மாதிரியே வாசம் அம்மா, கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நம் கொல்லைப்புறம் கண்முன் வந்து நிற்கிறது.

கடிக்க ஆப்பிள் மரக் குச்சி கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆசையாகச் செர்ரிக் கிளையை வெட்டிக் கொண்டுவந்தார். பச்சையாக அது முயலுக்கு விஷம், அதனால் பக்குவமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நீ சொன்ன மிளகாய்த்தூளைத் தூவவே கூடாதாம், கண்ணும் மூக்கும் எரிந்துபோகும். கசப்பு ஸ்பிரே ஒன்று கடையில் விற்கிறது. அதை அடித்த இடத்தை நக்கிவிட்டுத் திரும்பவும் கடித்தது.

நீ கேட்ட செலவு ஆபரேஷனுக்குத்தான். பெட்டை முயலுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் கூடு கட்டத் தோண்டுகிற வேகம் குறையும். எடுக்காமல் விட்டால் வயசாக ஆகக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது இந்த இனத்தில் ரொம்பச் சகஜம். வார்டில் அந்த நோயைத் தினம் பார்க்கிற நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்? ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு உண்மையிலேயே அடங்கியிருக்கிறது.

முழுசாக நின்றுவிடவில்லை. நான் டியூட்டிக்குப் போன ராத்திரிகளில், உன் பேத்தி தூங்குகிற அறைக் கதவு சாத்தியிருந்தால், விடியற்காலையில் வந்து சுரண்டும். வேறு எந்தக் கதவையும் தொடாது. உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தெரிகிறது. கூட்டமாக இருக்க வேண்டிய ஜீவன். அதனால் இப்போது கதவை ஒரு ஜாண் திறந்து வைக்கிறோம். உள்ளே போய்க் கட்டில் காலடியில் படுத்துக்கொள்கிறது. தைப்பொங்கலுக்குள் ஒரு ஜோடி தேடிக் கொண்டுவர வேண்டும். அதற்கும் திட்டாதே.

அப்பாவை அடுத்த வாரம் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்தக் கறுப்புக் குட்டியை அப்புறம் யாருக்குக் கொடுத்தோம் என்று அவரிடம் கேட்டு எழுது. உன் பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மகள்