முகவரியோடு ஒப்புதலையும் பதியுங்கள்: மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள்களை உருவாக்குவோருக்கு வணக்கம்.

சிறு வணிகர்களின் மின்னஞ்சல் பட்டியல்களைப் பராமரிப்பதும் பழுதானவற்றைச் சரிசெய்வதும் எங்கள் வேலை. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பட்டியலில் ஒரு முகவரி ஏறும்போதே, அதற்கான ஒப்புதல் எப்போது, எங்கே, எப்படிக் கிடைத்தது என்பதும் கூடவே பதிவாக வேண்டும். இதை வணிகரின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்குங்கள்.

இன்று உங்களில் பலரின் திரையில் பெயர், முகவரி, பக்கத்தில் 'சந்தாதாரர்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருக்கின்றன. அந்தச் சொல்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒப்புதல் பெற்றதை நிரூபிக்க வேண்டியவர் அதை நம்பி அனுப்புபவர்தான். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதலாகாது. கனடாவில், பொருள் வாங்கியவர் வெளிப்படையாகச் சம்மதிக்காவிட்டாலும் வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு அனுப்பலாம். விசாரித்தவருக்கு 6 மாதம்தான். தேதியே இல்லாத பட்டியலில் இந்தக் கெடுவை எங்கிருந்து எண்ணுவது?

பதிய வேண்டியவை அதிகமில்லை: நாள், நேரம், எந்தப் படிவம், ஐபி முகவரி (படிவத்தை நிரப்பியவரின் இணைய இணைப்பு எண்), அன்று அந்தப் படிவத்தில் இருந்த வாசகம். கடைசியானதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாசகத்தை வணிகர் மாற்றினாலும் பழையது அழியக் கூடாது. 'பில் விவரம் அனுப்பலாம்' என்பதற்குச் சம்மதித்தவர் தள்ளுபடி அறிவிப்புக்குச் சம்மதித்தவர் அல்லர்.

பெரிய ஓட்டை, முகவரிகளை அட்டவணையாகக் கொண்ட சிஎஸ்வி கோப்பை ஏற்றும் இடத்தில் இருக்கிறது. 'இவர்கள் அனைவரும் ஒப்புதல் தந்தவர்கள்' என்று ஒரு டிக் போட்டால் 4,000 முகவரிகள் உள்ளே வந்துவிடுகின்றன. அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மூலமும் கேளுங்கள். இல்லாத வரிகளை, அஞ்சல் அனுப்ப முடியாத தனிப் பட்டியலில் நிறுத்துங்கள். அவர்களுக்கு 'அனுப்பலாமா?' என்று கேட்டு ஒரு அஞ்சல் போடும் வசதியையும் தராதீர்கள். அப்படிக் கேட்பதே விளம்பர அஞ்சலாகக் கருதப்படலாம். பிரிட்டனில் ஹோண்டா நிறுவனம் இப்படி 2,89,790 அஞ்சல்களை அனுப்பி, 2017இல் 13,000 பவுண்டு அபராதத்துக்கு ஆளானது.

விலகியவர்களைக் கையாள்வதிலும் இதே குறைதான். விலகியவரின் முகவரியை வணிகர் அழித்துவிடுகிறார். அடுத்த மாதம் பில்லிங் மென்பொருளிலிருந்து புதிய கோப்பு ஏற்றும்போது அதே ஆள் திரும்பி வந்துவிடுகிறார். அழித்த முகவரியும், இனி அனுப்பக் கூடாதவர்களின் தடைப்பட்டியலில் தங்க வேண்டும். தரவிறக்கம் செய்யும்போது சந்தாதாரர் பட்டியலும் தடைப்பட்டியலும் ஒரே கோப்பாக வரட்டும். மென்பொருள் மாற்றுகிறவர்கள் முதலில் தொலைப்பது இந்தத் தடைப்பட்டியலைத்தான்.

இன்னொன்று. அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள், வரும் அஞ்சலில் உள்ள லிங்க்குகளைத் தானே திறந்து சோதிக்கும். சந்தாவை உறுதிசெய்யக் கேட்டு அனுப்பும் லிங்க்கைத் திறந்தவுடனேயே 'உறுதிசெய்யப்பட்டது' என்று நீங்கள் பதிந்தால், ஆள் பார்க்காமலே ஒப்புதல் உருவாகிவிடுகிறது. லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அங்கே பொத்தானை அழுத்திய பிறகு பதியுங்கள். விலகலுக்கு, ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரநிலை ஆவணம் இந்தச் சிக்கலை 2017இலேயே தீர்த்துவிட்டது. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கேட்கிறது. 300 பேருக்கு அனுப்பும் கடைக்கும் அதை இயல்பாகவே தாருங்கள்.

பட்டியல் சுருங்கிவிடும் என்பீர்கள். சுருங்கும்தான். ஆனால் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது ஜிமெயில். அங்கே 1,000 பேரின் இன்பாக்ஸுக்குப் போனால், மூன்றே பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் போதும், அந்த எல்லையைத் தொட்டுவிடும். கேட்காமல் சேர்த்த முகவரிகளிலிருந்துதான் அந்த மூன்று பேரும் பெரும்பாலும் வருகிறார்கள்.

படிவத்திலிருந்து வரும் பதிவுகளை இயந்திரமே குறித்துக்கொள்ளும். வணிகர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாதென்றால், அடுத்த பதிப்பில் கோப்பு ஏற்றும் திரையை மட்டுமாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
சிறு வணிகங்களின் மின்னஞ்சல் பட்டியல்களைப் பராமரிப்போர்