பாரிஸில் ஒரு ஸ்டெனோ

திருச்சி
18.8.2024

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? குட்டிக்கு ஸ்கூல் எப்போது திறக்கிறார்கள்?

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ராப்பகலாக உட்கார்ந்து நீ செய்த வேலையை மீட்டிங்கில் இன்னொருத்தர் தன்னுடையதாகக் காட்டினார், உன் பெயரை வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை என்றாய். போனில் நான் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஸேன் ஆற்றோரம் பத்துப் பெண்களின் தங்க நிறச் சிலைகள் எழும்பி வந்தனவே, அதில் ஒருத்தி ஆலிஸ் கீ. சினிமா டைரக்டர். யாரென்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆர்வம் கூடியதற்குக் காரணம், அவளும் என்னைப் போல முதலில் ஸ்டெனோ!

1873இல் பாரிஸை ஒட்டிய ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குச் சிலி நாட்டில் புத்தக வியாபாரம். அது நொடித்து, அவரும் கண்ணை மூடியபின், வயிற்றுப்பாட்டுக்காக டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டாள். 1894இல் ஒரு காமிரா கம்பெனியில் வேலை கேட்டுப் போனபோது, லெயோன் கோமோன் என்பவர் "உனக்கு வயசு போதாதே" என்று தயங்கினாராம். அது நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றாளாம் இவள். அந்தத் துணிச்சலில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் சூப்பரின்டென்டென்ட்டாக ரிட்டயர் ஆகியிருப்பேன்.

அடுத்த வருஷம் லூமியேர் சகோதரர்கள் தங்கள் படத்தைப் போட்டுக் காட்டியபோது முதலாளியோடு அவளும் போய்ப் பார்த்தாள். ஆலை வாசலிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். கோமோன் கம்பெனியும் காமிரா விற்பதற்காக அதே மாதிரி ரயில், ஊர்வலம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. இதை வைத்து ஒரு கதை சொன்னால் என்ன என்று இவளுக்குத் தோன்றியது. கேட்டாள். ஆபீஸ் வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. முட்டைக்கோஸுக்குள்ளிருந்து ஒரு தேவதை குழந்தைகளை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிற, ஒரு நிமிஷப் படம். 1896இல் எடுத்ததாக அவள் சொல்கிறாள். வருஷத்தைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பிறகு சுமார் பத்து வருஷம் கோமோன் கம்பெனியின் படத்தயாரிப்பு முழுக்க அவள் பொறுப்புதான். 1906இல் ஏசுவின் வாழ்க்கையை 25 செட், 300 துணை நடிகர்களோடு எடுத்தாள். பாட்டை முதலில் தட்டில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, பாடகர்களை வாயசைக்க வைத்துப் படமாக்கினாள். அப்படியே நூற்றுக்கு மேல். நம்மூர் சினிமாவே பிறக்காத காலம் அது.

1907இல் ஹெர்பர்ட் பிளாஷேயைக் கல்யாணம் செய்து அமெரிக்கா வந்தாள். 1910இல் சோலாக்ஸ் என்று சொந்தக் கம்பெனி. 1912இல் உங்கள் நியூ ஜெர்சியிலேயே, ஃபோர்ட் லீயில், ஒரு லட்சம் டாலருக்கு மேல் போட்டு ஸ்டூடியோ கட்டினாள். உள்ளே பெரிய பலகை: "இயல்பாக இருங்கள்." நடிகர்களுக்கு அவ்வளவுதான் உபதேசம்.

அந்த வருஷம் எடுத்த ஒரு சின்னப் படம் யூடியூபில் கிடைக்கிறது. அக்காவுக்குக் காசநோய். கடைசி இலை உதிர்வதற்குள் இவள் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்வது தங்கை காதில் விழுகிறது. சின்னப் பெண். ராத்திரி எழுந்து தோட்டத்துக்குப் போய், விழுந்த இலைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கிளையில் நூலால் கட்டுகிறாள். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. குட்டியோடு உட்கார்ந்து பார், முடிவு நல்லபடியாகத்தான் இருக்கும்.

அப்புறம் எல்லாம் சரிந்தது. தொழில் கலிபோர்னியா பக்கம் நகர்ந்தது, புருஷனும் அவளை விட்டு அந்தப் பக்கம் போனார். கடைசிப் படம் எடுக்கும்போது விஷக்காய்ச்சலில் சாகப் பிழைக்கக் கிடந்தாள். ஸ்டூடியோ கைவிட்டுப் போக, 1922இல் இரண்டு பிள்ளைகளோடு பிரான்ஸ் திரும்பினாள். அதற்குப்பின் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நான் சொல்லவந்தது இதற்கு அடுத்த பகுதி. கோமோன் தன் கம்பெனி வரலாற்றை வெளியிட்டபோது 1907க்கு முந்தின படங்களே அதில் இல்லை. இவள் எழுதிக் கேட்டாள். திருத்துகிறேன் என்றார். திருத்தம் வரவில்லை, 1946இல் அவர் போய்விட்டார். சினிமா சரித்திரம் எழுதினவர்களும் இவள் படங்களில் சிலவற்றை மற்ற ஆண்கள் பெயரில் எழுதிவைத்தார்கள். 1927இல் அமெரிக்காவுக்கே வந்து தன் படங்களைத் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தான் எடுத்த படங்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டு, தன் கதையையும் தானே எழுதினாள். பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. 1968இல் 94 வயதில் இறந்தாள். புத்தகம் வந்தது 1976இல். சாகும்வரை மகள் சிமோன்தான் அவளை வைத்துக் காப்பாற்றினாள்.

எல்லாரும் அவள் பொறுமையைப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாளி நல்லவர், தானே எழுதுவார் என்று அவரை நம்பியிருந்ததுதான் வினை.

ஆபீஸில் நாங்கள் டைப் அடித்த கடிதத்தின் இடப்பக்க அடியில் டிக்டேட் செய்தவர் இனிஷியல், ஒரு சாய்கோடு, அடித்தவள் இனிஷியல் என்று போடுவோம். தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக வைத்த வழக்கம். ஆனாலும் கோப்பில் நான் இருந்தேன். நீ செய்ததில் உன் பெயரும் தேதியும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார். இல்லையென்றால் இன்றைக்கே போடு. உன் மேலதிகாரிக்கு மெயில் எழுது. என்ன செய்தாய், எப்போது கொடுத்தாய், யாரிடம் கொடுத்தாய் என்பது மட்டும் இருக்கட்டும். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். அனுப்பும் முன் எனக்கு ஒருதரம் காட்டு. ஆயுசு பூராவும் அடுத்தவர் டிராஃப்டைத் திருத்தினவள் நான்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அவளை அடக்கம் செய்தது மாவா என்ற ஊரில், உங்கள் மாநிலத்தின் வடக்குப் பக்கம். அவள் டைரக்டர் என்று சொல்லும் கல்வெட்டை 2012இல்தான் வைத்தார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்து அனுப்பு.