மகளிர் வாசகர் வட்டம், மயிலாடுதுறை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 14 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 24 பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன்.

மாதக் கூட்டங்கள் 9 நடந்தன. மே மாதம் வெயில், நவம்பரில் மழை, பிப்ரவரிக்குக் காரணம் தெரியவில்லை. பொங்கல் கோலப்போட்டி சிறப்பாக நடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் வாசிப்பு. "செயலாளர் தன் இஷ்டத்துக்கு நடத்துகிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆகஸ்ட் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் எடுத்தோம். அன்று வராதவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அவர் யார் என்று கேட்டதும் வந்த முதல் பதில், "கல்யாண உதவித்தொகை." தப்பில்லை. 1989இல் வந்த அந்தத் திட்டம் அவர் பெயரில்தான். இன்று கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அப்படியே. நம்மில் சிலர் அந்தப் படிவத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறோம். ஆளைத்தான் தெரியவில்லை, அதுவும் பக்கத்து ஊர்க்காரரை.

1883இல் திருவாரூரில் பிறந்து, நம் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர். ஐந்து வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டார். இந்த வரியை வாசித்தபோது தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினரின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் டீ வந்துவிட்டது.

1925இல் இதே மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு கூட்டி, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவல் வெளிவந்தது. தலைப்பைப் பார்த்து வீட்டில் கேட்கிறார்கள் என்று இரண்டு பேர் நகலைத் திருப்பித் தந்தார்கள். செய்தித்தாளில் அட்டை போட்டு மறுபடி கொடுத்தேன். நாவலில் பிரசங்கம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணக்கார மைனரைத் தாசிகள் வளைத்துச் சொத்தைக் கறக்கும் விதத்தை உள்ளேயிருந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தபோது அவருக்கு 64 வயது. 1962இல் காலமானார்.

1938இல், 55 வயதில், இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். 42 நாள் நடை. நாம் மூவலூருக்குப் போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் நின்றது நானும் பொருளாளரும்தான். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. வாட்ஸ்அப்பில் மட்டும் 19 பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

வரவு செலவு திருப்திகரம். சிறு பற்றாக்குறையைச் செயலாளரே தற்காலிகமாகச் சரிக்கட்டியுள்ளார். மாதச் சந்தா 20 ரூபாயை 17 பேர் முழு ஆண்டுக்கும் தரவில்லை. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பொருளாளரின் நோட்டு மேஜைமேல் திறந்தே இருக்கிறது.

இடம் தந்த நூலகருக்கும், டீ தந்த கடைக்காரருக்கும், தலைவருக்கும், என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளராக வந்தால் மகிழ்ச்சியோடு பீரோ சாவியைக் கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால், சரி, பார்க்கலாம். வாங்கப்படாத 22 நகல்கள் என் வீட்டு அரிசி டிரம் மேல் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் எடுத்துக்கொண்டால் நல்லது. வரும்போது சந்தாவும் கொண்டு வரலாம்.