பெரிய ஃபைல் வந்தால் எச்சரிக்கும் சேவை வேலை செய்யாதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
போட்டோ ஸ்டுடியோ,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சர்வர் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: ஆல்பம் ஃபோல்டரில் அளவு மீறிய ஃபைல் விழுந்தும் எச்சரிக்கை வராதது, அதனால் ஏற்பட்ட நஷ்டம்.

ஐயா,

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கடையின் கீழ்த்தளத்தில் இருந்த ஹார்ட் டிஸ்குகள் முங்கிப் போயின. அதன் பிறகுதான் மாடியில் ஒரு லினக்ஸ் சர்வர் வைத்து, பராமரிப்பை உங்களிடம் ஒப்படைத்தேன். அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆல்பம் ஃபோல்டருக்குள் 2 ஜிபிக்கு மேல் எந்த ஃபைல் வந்தாலும் என் போனுக்குத் தகவல் வர வேண்டும். 2 ஜிபி என்று சும்மா சொல்லவில்லை. ஆல்பம் ஷீட்டை நாங்கள் சேமிக்கிற போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் அதற்கு மேல் போகாது. அதைத் தாண்டி அங்கே ஒன்று கிடந்தால் அது ஆல்பம் ஷீட்டாக இருக்காது, யாரோ இடம் மாறிப் போட்டதாகத்தான் இருக்கும்.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அதுதான் நடந்தது. வீடியோ எடிட் பண்ணுகிற தம்பி ஒரு கல்யாண வீடியோவை ரெண்டருக்கு, அதாவது எடிட் செய்ததை முழு ஃபைலாக எழுதுகிற வேலைக்குப் போட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டான். சேமிக்கிற இடம் என்று ஆல்பம் ஃபோல்டரைக் கொடுத்திருக்கிறான், அதுவும் கம்ப்ரஸ் செய்யாத வடிவில். தப்பு அவன் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1920-க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 25 படம் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு விநாடி வீடியோவுக்கு 155 எம்பிக்கு மேல், ஒரு மணி நேர வீடியோவுக்கு 560 ஜிபி. டிஸ்கில் காலியாக இருந்ததோ 220 ஜிபி. அரை மணி நேரப் படத்துக்குக்கூட அது காணாது.

அதே ராத்திரி அம்பாசமுத்திரம் பார்ட்டியின் ஆல்பம் பிரிண்டுக்காக எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நிறைந்துபோய், 40 ஷீட்டில் 23-வது முதல் எல்லாமே 0 பைட், வெறும் பெயர்தான். மறுபடி எக்ஸ்போர்ட் செய்து லேபுக்கு அனுப்புவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. மாப்பிள்ளை ஆல்பம் இல்லாமலே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார். துபாய்க்கு நான் கூரியரில் அனுப்பினேன். பெண்ணைப் பெற்றவர் என்னிடம் பேசியதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

போனில் உங்கள் ஆள் சொன்னது: "அண்ணாச்சி, நம்ம ப்ரோக்ராம்ல கோளாறு கிடையாது. அன்னைக்கு உங்க முன்னாடிதானே டெஸ்ட் பண்ணிக் காட்டினோம்?" காட்டினீர்கள், உண்மைதான். ஆனால் எதைக் காட்டினீர்கள்? அதே டிஸ்கில் வேறு ஃபோல்டரில் தயாராக இருந்த 3 ஜிபி ஃபைலை இங்கே நகர்த்தினீர்கள். அது முழு எடையோடு வந்து விழுந்தது, உடனே மெசேஜ் வந்தது. நிஜத்தில் ஃபைல் அப்படியா வருகிறது? ரெண்டரோ காப்பியோ, முதலில் பெயர் மட்டும் உண்டாகிறது. அந்த நொடியில் அதன் அளவு 0. பிறகுதான் வளர்கிறது. உங்கள் ப்ரோக்ராம் ஃபைல் உண்டான அந்த நொடியில் ஒரே ஒரு முறை எடை பார்த்துவிட்டு, சின்னதுதான் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறது. பிறந்த பிள்ளையின் உயரத்தை அளந்துவிட்டு, இவன் வாசல்நிலையில் இடிக்க மாட்டான் என்று சொல்வது போல இருக்கிறது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. நேரில் வந்த உங்கள் இளைஞர்தான் ப்ரோக்ராமைத் திறந்து காட்டினார். நல்ல பையன், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஃபைல் தேடுகிற ஃபைண்ட் கட்டளையில் 2 ஜிபிக்கு மேல், ஒரு நாளுக்குள் மாறியது என்று கேட்டார், அந்த வீடியோ ஃபைல் உடனே வந்து நின்றது. அவர் காலையில் கேட்டதை உங்கள் சர்வர் ராத்திரியிலேயே கேட்டிருக்கலாமே.

எழுதி முடித்து ஃபைலை மூடும்போது அளவு பார்க்கும்படி மாற்றித் தருகிறோம் என்று இப்போது சொல்கிறீர்கள். அது மட்டும் எனக்குப் போதாது. அன்றைக்கு அந்த ஃபைல் மூடியதே டிஸ்க் நிறைந்த பிறகுதான். தாமிரபரணிக்குள் இருக்கிற குறுக்குத்துறை கோயில் மண்டபத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முங்கின பிறகு வருகிற தகவலை வைத்து என்ன செய்ய? மூடும்போது பார்ப்பதோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஃபோல்டரைச் சுற்றி வந்து, வளர்ந்துகொண்டிருக்கிற ஃபைலையும் பிடிக்க வேண்டும். டிஸ்கில் காலி இடம் 100 ஜிபிக்குக் கீழே இறங்கினால் தனியாக ஒரு மெசேஜ் வர வேண்டும்.

இந்த வேலையை ஏழு நாளுக்குள் முடித்துத் தரவும். கூரியர் செலவையும், எச்சரிக்கை வேலை செய்யாமல் கிடந்த மூன்று மாதக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளின் நகல் இத்துடன் உள்ளது. பதில் வராவிட்டால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இந்த முறை டெஸ்டை நானே வைக்கிறேன். அதே தம்பியை அதே வீடியோவை அதே ஃபோல்டருக்கு ரெண்டர் போடச் சொல்வேன். உங்கள் ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஃபைல் 2 ஜிபியைத் தாண்டி ஐந்து நிமிடத்துக்குள் என் போன் அடித்தால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்,
பாளையங்கோட்டை.